தளேகாவ் கூடத்தின் பின்கதவு

சென்னை
18 ஜூலை 1997

அன்புள்ள ரமா அக்கா,

வண்டி அரக்கோணத்தில் வெகுநேரம் நின்றதைத் தவிர சௌகரியமாக வந்து சேர்ந்தேன். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. நீ கொடுத்தனுப்பிய திரட்டுப்பாலை எனக்குக்கூடக் கொடுக்காமல் முடித்துவிட்டாள். அங்கே மழை விட்டதா? அனிருத்துக்கு இருமல் குறைந்ததா? அத்திம்பேருக்கு என் நமஸ்காரம்.

நான் அங்கே இருந்த பத்து நாளும் நீ ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாய்: "கட்டடத்தைப் பத்தி வேலை செய்யறவாகிட்ட என்னடி கேக்கறது? கட்டினவனைன்னா கேக்கணும்?" பதிலை வண்டியில் யோசித்தேன். கட்டினவனுக்கு அவன் கட்டியது தெரியும். அதற்குள் எட்டு மணி நேரம் இருப்பவர்களுக்குத்தான் அது எங்கே வேகிறது, எங்கே பயமாக இருக்கிறது என்பது தெரியும். கம்பெனி தளேகாவிலேயே இதே மாதிரி இன்னொரு மாடிக் கூடம் கட்டப்போகிறது. அதற்கு முன், இப்போதுள்ள கூடத்தில் கம்பிச் சுருள் சுற்றும் பெண்களுக்கு அது எப்படி இருக்கிறது என்று பம்பாய் தலைமை அலுவலகம் கேட்கிறது. என் வேலை அவ்வளவுதான்.

மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றதால் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. எனவே வழக்கம்போல் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, கட்டடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னேன். பெயர் எழுத வேண்டாம், யார் வரைந்தது என்று யாருக்கும் தெரியாது என்று என் அரைகுறை ஹிந்தியில் சத்தியம் செய்துகொடுத்தேன். ஒருத்தி கேன்டீனைக் கூடத்தைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறாள். ஒருத்தி அவர்கள் மேலாளரான நம் அத்திம்பேரின் அறையில் ஆளே இல்லாமல் மூக்குக்கண்ணாடி மட்டும் வரைந்திருக்கிறாள். அவரிடம் சொல்லிவிடாதே.

படங்களின் ஓரத்தில் மராட்டியில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த எழுத்து ஓடாது. எண் போட்டு நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினாறு வருஷம் புனேயில் குப்பை கொட்டியவள் நீ. ஒவ்வொன்றையும் தமிழில் எழுதி அனுப்பு. வேறு யார் கண்ணிலும் பட வேண்டாம்.

உன்
ஸ்ரீவித்யா


காசார்வாடி
4 ஆகஸ்ட் 1997

சி. ஸ்ரீவித்யாவுக்கு ரமா அநேக ஆசீர்வாதம்.

இங்கே மூன்று பேரும் சுகம். அனிருத்துக்கு இருமல் போய் இப்போது டியூஷன் பிடித்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு என்று அவனுக்கு முன்னால் நான்தான் எழுந்துகொள்கிறேன். அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே.

நீ கேட்டதை எழுதி அனுப்பியிருக்கிறேன். சிலது கோழி கிளறின மாதிரி கிறுக்கல். பாத்ரூம் வரிசை, மின்விசிறிச் சத்தம், முன்படி வாசலில் பையைச் சோதனை போடுகிறார்கள் என்ற குறை, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேன்டீன் வரைந்தவள் ஓரத்தில் 'மிசல் நன்றாக இருக்கும், பாவ் ரொட்டி போதாது' என்று எழுதியிருக்கிறாள். அதையும் உன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்.

அத்திம்பேருக்கு வேலை அதிகம். தீபாவளி ஆர்டர் என்று இரண்டாவது ஷிப்ட் போட்டிருக்கிறார்கள். காலையில் ஆறரை லோக்கல் ரயிலுக்குப் போனால் இரவு சாப்பாட்டுக்குத்தான் வருகிறார். உன் அறிக்கை சீக்கிரம் முடிந்துவிடுமா என்று கேட்டார். முடிந்துவிடும்தானே?

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

ரமா


சோலாப்பூர்
23 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அக்கா,

நான் ஒரு ஆஸ்பத்திரி வேலையாக இங்கே வந்திருக்கிறேன். வெயிலும் சோள ரொட்டியும் ஒத்துக்கொண்டுவிட்டன. நோயாளிகளோடு வந்தவர்கள் எங்கே படுக்கிறார்கள், எங்கே அழுகிறார்கள் என்று பார்ப்பதுதான் இங்கே வேலை. பிரசவ வார்டுக்கு வெளியே உட்கார ஒரு பலகைகூட இல்லை. நீங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தளேகாவ் தாள்களையும் கையோடு எடுத்துவந்தேன். நேற்று அவற்றை உன் தமிழோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்றாம் எண் தாளில் மூன்று வரி இருக்கிறது. நீ ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய்: 'பின்பக்கம் காற்று இல்லை.' மிச்சம் என்ன என்று தமிழ் தெரிந்த வார்டு நர்ஸ் பார்வதியிடம் காட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்கள் அக்காவுக்கு மராட்டி தெரியாதா?" என்று கேட்டாள். நன்றாகத் தெரியும் என்றேன். பிறகு அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்:

'பின்படிக் கதவுக்குப் பூட்டு. சாவி சுப்ரமணியன் சாகேபிடம். ஹோலிக்கு முந்தின வாரம் வார்னிஷ் தட்டில் தீப்பிடித்தபோது, அணைக்க மணல் வரும்வரை அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம்.'

காற்று என்ற சொல்லே அதில் இல்லை. அத்திம்பேரின் பெயர் இருக்கிறது.

அந்தக் கூடத்தில் அறுபது பேருக்கு மேல் உட்காருகிறார்கள். அவள் படத்தின்படி, சட்டென்று தீப்பற்றும் தின்னர் டப்பாக்கள் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நான் போயிருந்தபோது அந்தப் பக்கம் சேமிப்பறை என்று சொல்லி எனக்குக் காட்டவில்லை. மற்றவர்களின் படங்களில் அந்த இடம் வெறும் சுவராக இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறது.

அவசரத்தில் விட்டுவிட்டாயா? உடனே எழுது. அம்மா நம் கடிதங்களைப் படிக்கிறாள், அதனால் என் ஆபீஸ் விலாசத்துக்கு எழுது. போன் வேண்டாம். உன் வீட்டு போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது.

ஸ்ரீவித்யா


காசார்வாடி
6 செப்டம்பர் 1997

சி. ஸ்ரீவித்யாவுக்கு சுப்ரமணியன் ஆசீர்வாதம்.

உபய க்ஷேமம். ரமாவுக்கு இரண்டு வாரமாக ஜலதோஷம், அதனால் நான் எழுதுகிறேன். பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை செய்தபோது உன்னை நினைத்துக்கொண்டோம்.

உன் ஆராய்ச்சி பற்றி இரண்டு வார்த்தை. இந்த வேலைக்கு உன் நிறுவனத்தின் பெயரை பம்பாயில் சொன்னவன் நான் என்பது உனக்கு நினைவிருக்கும். கூடம் நல்ல கூடம். போன வருஷம் தாமிரக் கம்பி சுருள் சுருளாகக் காணாமல் போனது. தலைமை அலுவலகம் என்னைத்தான் கேட்டது. போக வர ஒரே வழி என்று ஆக்கிய பிறகு ஒரு முழம்கூடப் போகவில்லை. நிர்வாகம் செய்கிறவனுக்கு இதெல்லாம் உண்டு. படம் வரைகிறவர்களுக்குத் தெரியாது.

வார்னிஷ் மேஜையில் இருந்த ஒருத்தி எதையும் ஊதிப் பெரிதாக்குகிற சுபாவம். அவள் இப்போது வேலையில் இல்லை. ஆகையால் அவள் தாளுக்கு நீ எடை கொடுக்க வேண்டியதில்லை.

உன் அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள். சொந்தங்களுக்குள் மனஸ்தாபம் வந்தால் இந்த வயதில் அவளுக்குத்தான் கஷ்டம்.

சுப்ரமணியன்


சென்னை
12 செப்டம்பர் 1997

அக்காவுக்கு,

உன் ஜலதோஷம் எப்படி இருக்கிறது? அம்மா நலம். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அத்திம்பேர் கடிதம் வந்தது. அவருக்கு நான் ஒரு தாளும் காட்டவில்லை. தாளில் பெயரும் இல்லை. வார்னிஷ் மேஜைக்காரி என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். பிறகு இருபத்து மூன்றாம் தாளை எடுத்துப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. இப்படி வரையச் சொன்னால் எல்லோரும் முதலில் தங்கள் இடத்தைத்தான் போடுவார்கள், அதுவும் மற்றதைவிடப் பெரிதாக. இதை நான் இரண்டு கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன், மாணவர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். பெயரை மட்டும் மறைத்துவிட்டு, அவள் எந்த மேஜையில் உட்காருகிறாள் என்பதை உனக்கு நானே தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பெண் யார்? அவளுக்கு வேலை எப்போது போனது? அந்தத் தாள் அவர் கைக்கு எப்படிப் போனது? இந்த மூன்றுக்கும் பதில் எழுது. ஜலதோஷத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

ஸ்ரீவித்யா


காசார்வாடி
21 செப்டம்பர் 1997

சி. ஸ்ரீவித்யாவுக்கு ஆசீர்வாதம். எனக்கு ஜலதோஷம் ஒன்றும் இல்லை.

நீ அனுப்பிய கட்டை சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். வேறு எங்கே வைத்து எழுதுவேன், இந்த வீட்டில் எனக்கென்று வேறு மேஜை இருக்கிறதா? அவர் சீக்கிரம் வந்துவிட்டார். "என்னடி இது, பசங்க டிராயிங் போட்டியா?" என்று எடுத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடிப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "நான் இல்லாதப்போகூட என் கண்ணாடி வேலை பாக்கறது பார்" என்றார். நானும் சிரித்தேன். அடுத்தடுத்துப் புரட்டினவர் ஒன்றில் நின்றுவிட்டார். அவருக்குப் பேச்சு மராட்டி வரும், எழுத்து ஓடாது. "இதைப் படி" என்றார். படித்தேன்.

"இது வைஷாலி."

"பேரே போடலையேன்னா."

"பேர் எதுக்கு? தன் மேஜையை மைதானம் மாதிரி போட்டுண்டிருக்காளே."

பிறகு கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட்டார். ரசம் விட்டுக்கொள்ளும்போது, "அந்த வரியை எழுதாதே" என்றார். "மூணு வரி இருக்கறது ஸ்ரீவித்யாவுக்குத் தெரியுமே" என்றேன். "காத்து இல்லேன்னு எழுது. எந்த பில்டிங்லதான் காத்து இருக்கு" என்றார். எழுதினேன்.

அடுத்த வாரமே அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டார். எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது நீ கேட்கவில்லை.

ஸ்ரீவித்யா, போன கம்பெனி மூடினபோது எட்டு மாதம் அவர் இந்த வீட்டுக் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீ பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் இருக்க காலையில் குளித்து, சட்டை பேன்ட் போட்டுக்கொண்டு உட்காருவார். அந்தக் கதவைப் பூட்டச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, இவராகச் செய்தது. நீ எழுதினால் இவர் தலையில்தான் விழும். அனிருத்துக்கு இது முக்கியமான வருஷம். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அதை விட்டுவிடு.

ரமா


சென்னை
25 செப்டம்பர் 1997

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அவர் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில் ஒவ்வொரு தரமும் நின்றேன். அதை நீ எனக்கு முன்பே எழுதியிருக்கலாம்.

அறிக்கை அக்டோபர் பதினைந்தாம் தேதி பம்பாய் போகிறது. அதைத் தள்ளிப்போட மாட்டேன். அன்றைக்குக் கதவு பூட்டியிருந்தால், பூட்டியிருக்கிறது என்று எழுதுவேன். அதற்குள் திறந்திருந்தால், பூட்டியிருந்தது, நிர்வாகமே திறந்துவிட்டது என்று எழுதுவேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும். அவருக்காக என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

இரண்டாவது ஷிப்ட் நடக்கிறது என்று நீயே எழுதியிருந்தாய். தினமும் செய்தித்தாளைப் பயந்துகொண்டு பிரிக்கிறேன்.

வைஷாலியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்.

ஸ்ரீவித்யா


(தபால் அட்டை)
காசார்வாடி, 30.9.97

சி. ஸ்ரீவித்யாவுக்கு ஆசீர்வாதம். சுகம். கதவு திறந்தாகிவிட்டது. அவரே சொன்னார். இனி நிம்மதியாக இரு. மற்றதைப் பிறகு பார்க்கலாம். அம்மாவுக்கு நமஸ்காரம். ரமா.


சென்னை
4 அக்டோபர் 1997

அக்காவுக்கு,

இங்கே கொலு வைத்திருக்கிறோம். அம்மா சுண்டலுக்கு உப்பு போட மறந்துவிட்டு என்னைத் திட்டுகிறாள்.

'அவரே சொன்னார்' என்று எழுதியிருக்கிறாய். நீ பார்த்தாயா? உன் வார்த்தையை நம்பாமல் இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை. ஆனால் 'காற்று இல்லை' என்றதும் இதே கையெழுத்துதான்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் பூஜை. வருஷா வருஷம் நீ போகிறாய். மாடிக்குப் போ. கூடத்தின் பின்கோடி வரை நடந்து, அந்தப் படி வழியாகக் கீழே இறங்கு. இறங்கினேன் என்று நீ எழுதினால் நம்புகிறேன்.

ஸ்ரீவித்யா


காசார்வாடி
12 அக்டோபர் 1997

சி. ஸ்ரீவித்யாவுக்கு ரமா ஆசீர்வாதம்.

நேற்று தசரா. அனிருத் நலம். நானும் நலம்தான்.

வெள்ளிக்கிழமை பத்தரை லோக்கலில் தளேகாவ் போனேன். நம் ஆயுத பூஜையை இங்கே கண்டேநவமி என்பார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். கூடத்தைக் கழுவி, சுருள் சுற்றும் யந்திரம் ஒவ்வொன்றுக்கும் செவ்வந்தி கட்டி, குங்குமம் வைத்திருந்தார்கள். கத்திரிக்கோல், திருப்புளி, கதவுத் தாழ்ப்பாள், இரும்பு என்று இருப்பது எதையும் விடவில்லை. பம்பாயிலிருந்து பெரிய சாகேபும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். ஆரத்தி ஆனதும் பேடா கொடுத்தார்கள். எல்லோரும் முன்படிப் பக்கம் நகர்ந்தபோது நான் பின்கோடிக்குப் போனேன்.

கதவு பூட்டியிருந்தது. உள்ளங்கை அகலப் பூட்டு. அதற்கும் குங்குமம் வைத்து, ஒற்றைச் செவ்வந்தி செருகியிருந்தார்கள். "யார் வைத்தது?" என்று பக்கத்து மேஜைப் பெண்களை மராட்டியில் கேட்டேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் யார் மனைவி என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"ஏன்னா, முன்னாடி கூட்டமா இருக்கு. இந்தப் படியில இறங்கிப் போறேன்."

"சாவி கீழே இருக்கு."

"கொண்டு வாங்கோ. நிக்கறேன்."

"ரமா, ஆத்துல பேசிக்கலாம்."

"ஆத்துல பேசினதுக்குத்தான் இது பூட்டியிருக்கு."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் பெரிய சாகேபின் மனைவி திரும்பிப் பார்த்தாள். என்ன விஷயம் என்று ஹிந்தியில் கேட்டாள். "இந்தப் படி வழியாக இறங்க வேண்டும், இவர் சாவி எடுத்துவரப் போகிறார்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. பிறகு போய்க் கொண்டுவந்தார்.

சாவி திரும்பவில்லை. ஒரு பெண் யந்திரத்து எண்ணெயைக் கொண்டுவந்து விட்டாள். கதவு திறந்தது. உள்ளே படி முழுக்கக் காலி அட்டைப்பெட்டிகள் மார்பளவுக்கு அடுக்கியிருந்தன. பெரிய சாகேப் எட்டிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். யாரும் சொல்லாமலே அந்தப் பெண்கள் பட்டுப்புடவையோடு வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே எடுத்தார்கள். நான் இறங்கினேன். எனக்குப் பின்னால் அவர்களும் ஒவ்வொருவராக இறங்கி முற்றத்துக்கு வந்தார்கள்.

லோக்கலில் அவர் எதிரில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பம்பாயில் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. வீட்டில் "சாதம் போடு" என்பதோடு சரி.

நான் இறங்கினேன், ஸ்ரீவித்யா. உன் அறிக்கையில் எது உண்மையோ அதை எழுது.

ரமா


காசார்வாடி
19 அக்டோபர் 1997

சி. ஸ்ரீவித்யாவுக்கு ஆசீர்வாதம்.

தலைமை அலுவலகத்திலிருந்து அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். வேலை இருக்குமா என்பது தீபாவளிக்குப் பிறகுதான் தெரியும். வைஷாலி பேச்சை எடுத்தேன். "கதவைத் திறந்தாச்சு, அதுக்கு மேல கேக்காதே" என்றார்.

அதனால் நேற்று நானே வைஷாலி வீட்டுக்குப் போனேன். தளேகாவ் ஸ்டேஷனுக்குப் பின்னால், மாமியாரோடு ஒற்றை அறை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தாள். கதவு திறந்த செய்தி அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நான் பெயர் போடவில்லையே. யாருக்கும் தெரியாது என்று அந்த மேடம் சத்தியம் செய்தாளே. அப்புறம் எப்படித் தெரிந்தது?"

எனக்குப் பதில் தெரியும், அதைச் சொல்ல மராட்டியும் தெரியும். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ரமா


சென்னை
23 அக்டோபர் 1997

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே பூத் தொடுத்து முடித்தாள். பிறகு, "மாப்பிள்ளைக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை இருக்கோல்லியோ?" என்று மட்டும் கேட்டாள்.

அறிக்கை குறித்த நாளில் போய்விட்டது. கதவு பூட்டியிருந்தது, அக்டோபர் பத்தாம் தேதி நிர்வாகம் திறந்தது என்று எழுதியிருக்கிறேன். வரைந்தவர்களில் ஒருத்திக்கு என் கவனக்குறைவால் வேலை போயிற்று, அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் இந்த ஆய்வை முடிந்ததாகக் கருத முடியாது என்றும் எழுதியிருக்கிறேன். என் இயக்குநர் அந்தப் பத்தியை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. இனி வெளியூர் வேலை தருவார்களா தெரியாது.

நவம்பர் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை புனே வருகிறேன். வைஷாலி வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போ. நான் தமிழில் சொல்கிறேன். தாளை உனக்கு அனுப்பியது நான், அவருக்குப் படித்துக் காட்டியது நீ. இரண்டையும் நீ மராட்டியில் சொல்ல வேண்டும். அவள் திட்டினால் அதையும் எனக்குத் தமிழில் அப்படியே சொல். ஒரு வரிகூட விடக் கூடாது.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரத்தைச் சொல். வாங்கிக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை.

ஸ்ரீவித்யா


காசார்வாடி
27 அக்டோபர் 1997

சி. ஸ்ரீவித்யாவுக்கு ரமா ஆசீர்வாதம்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. மத்தியான லோக்கலில் தளேகாவ் போய் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை அதை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

என் பங்கை நானே சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேஜை, நான் வரியைப் படித்தது, காற்று இல்லை என்று எழுதியது, எல்லாம். வைஷாலி கடைசிவரை கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் உனக்கு எழுத ஏதாவது இருந்திருக்கும்.

பிறகு, "அந்த மேடத்தின் பங்கு?" என்று கேட்டாள். அதை அவளே வந்து சொல்வாள் என்றேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு மேல் வீட்டில் இருப்பாளாம். வரச் சொன்னாள். இந்தத் தடவை என்னை உட்காரச் சொல்லவில்லை. நீயும் நின்றுகொண்டேதான் சொல்ல வேண்டியிருக்கும்.

ரமா